மெத்தை வேன் படுத்த படலம்

வாழ்க மெத்தையார். பஞ்சு, நுரை, நார் என்னும் மூன்று நாடுகளையும் ஒற்றை ஷட்டருக்குள் அடக்கி ஆளும் பெருமகன். ஒற்றைக் கட்டிலோர்க்கும் இரட்டைக் கட்டிலோர்க்கும் வேற்றுமை பாராது துயில் வழங்கும் வள்ளல். நாற்பத்தாறாம் வயதிலும் இரட்டை மெத்தையைத் தனியொருவராய்த் தலைமேல் ஏந்தி மூன்று மாடி ஏறவல்ல திண்தோளர். ஏறியபின் அந்த மூன்றாம் மாடிப் படியிலேயே அமர்ந்து கால்மணி நேரம் பேச்சற்றிருக்கும் அடக்கமுடையார். அவர் வாழ்க, அவர் மட்டை வாழ்க, அம்மட்டையை உடையாமல் இறுகக் கட்டிக் காத்துவரும் பிளாஸ்திரி வாழ்க. தம் ஊர்க் கிரிக்கெட் அணியில் பதினொன்றாம் வீரராய் நின்று ஒரு பருவம் முழுதும் அவர் பட்ட பாட்டையும், ஆறாம் ஞாயிறன்று ஆற்றிய அருஞ்செயலையும் இங்கே சொல்லப் புகுந்தோம். கேட்போர் வசதியாகச் சாய்ந்துகொள்க.

எட்டு ஊர், எட்டு அணி, அணிக்கு ஏழு ஆட்டம். உலகம் திரும்பியும் பாராத அந்தப் பெரும்போர் ஆண்டுக்கொரு முறை ஏழு ஞாயிறுகளில் நிகழும். இவ்வாண்டு போட்டிக் கமிட்டியார் ஒரு கொடிய ஆணை பிறப்பித்திருந்தனர்: ஏழில் ஒன்றேனும் வெல்லாத அணிக்கு அடுத்த ஆண்டு இடமில்லை, வாசலில் காத்து நிற்கும் ஒன்பதாம் ஊருக்கு அந்த இடம் போய்விடும். நம்மவர்கள் அதுவரை ஐந்து ஆடி ஐந்தும் தோற்றிருந்தனர்.

தோற்ற படைக்குத் தலைவர் மருந்துக்கடைக்காரர். இருமல் முதல் இடுப்புப்பிடிப்பு வரை ஊரின் வலிகளையெல்லாம் கண்ணாடி அலமாரியில் வரிசைப்படுத்தி வைத்திருப்பவர். மெத்தையாரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். ஆதலின் மெத்தையாருக்கு மச்சான். அவருக்கு அடுத்த நிலையில் விக்கெட் கீப்பராகிய டெய்லர். பந்து வீச்சுக்கு மெக்கானிக். மற்றவர்களும் வீரர்களே, எனினும் அவர்கள் புகழை வேறொருவர் பாடட்டும்.

மெத்தையாரின் ஆட்டத்திறன் பற்றி உண்மையை மறைத்தல் தகாது. ஐந்து போர்களில் மட்டை தாங்கி அவர் ஈட்டியது மூன்று ரன். அவற்றுள் இரண்டு, எதிரணியார் ஸ்டம்பை நோக்கி எறிந்து குறி தப்பியதனால் தாமாக வந்து சேர்ந்தவை. ஃபீல்டிங்கிலோ, எத்திசையில் பந்து வரவே வராது என்று தலைவர் ஆராய்ந்து கண்டாரோ அத்திசையில் அவரை நிறுத்துவார். அத்திசையை நோக்கிப் பந்து கிளம்பிய கணமே பத்துப் பேர் நெஞ்சம் ஒருசேர நடுங்கும். ஆயினும் மெத்தையார் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. சனி இரவே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு நாற்காலியின் முதுகில் மாட்டிவைத்துவிட்டு, தாம் ஓர் ஆட்டக்காரர் என்ற நம்பிக்கையோடு உறங்குபவர் அவர்.

இனி அவரது வேனைப் பாடுவோம். வெண்ணிறத்தது, இருபுறமும் ‘நிம்மதியான உறக்கத்துக்கு’ என்று நீல எழுத்துப் பொறித்தது, மேட்டில் முனகுவது, பள்ளத்தில் கனைப்பது. திங்களன்று வீடுவீடாகப் போகவேண்டிய மெத்தைகளுக்குக் கடையில் இடம் போதாது என்பதால் சனி மாலையே அவற்றை அதில் ஏற்றிவிடுவது வழக்கம். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அந்த மெத்தைகளின்மேலேயே ஸ்டம்பும் பேடும் பத்து வீரரும் ஏறிப் போர்க்களம் புறப்படுவர். யானைமேல் போன படை உண்டு, குதிரைமேல் போன படை உண்டு, கால்நடையாய்ப் போய்க் கால் வீங்கிய படையும் உண்டு. ஆறங்குல நுரைமெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டு போருக்குப் போன படை இது ஒன்றே.

ஊர் எல்லை தாண்டுமுன் நித்திரை என்னும் பேரரசி தன் சேனையை அனுப்பிவிடுவாள். முதல் வளைவில் டெய்லர் சாய்வார். பாலத்தருகே மெக்கானிக் வீழ்வார். ‘இன்னிக்கு ஃபீல்டிங்ல எல்லாரும்’ என்று தொடங்கிய தலைவர் அந்த வாக்கியத்தின் பயனிலையைக் காணாமலே குறட்டையில் கலப்பார். ஒரு மணி நேரப் பயணத்துக்குப்பின் அயலூர் மைதானத்தில் வேன் கதவு திறக்கப்படும்போது, உள்ளே கிடக்கும் காட்சியைப் பார்த்து, போர் முன்பே முடிந்துவிட்டதோ என்று எதிரணியார் ஐயுறுவர். முதல் ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரர், மெத்தையின் பூவேலைப்பாடு கன்னத்தில் பதிந்தபடியே களமிறங்கி, மூன்றாம் பந்தில் ஸ்டம்ப் சாய்ந்தபின்பே முழுதாய் விழித்தார். இரண்டாம் ஆட்டத்தில் தலைவர் டாஸில் ‘தலையா பூவா’ என்று கேட்கப்பட்டு, கொட்டாவி விட்டார். அதைத் தலை என்று நடுவர் எழுதிக்கொண்டார். பதினொருவரில் வழியெல்லாம் விழித்திருந்தவர் வண்டியோட்டிய மெத்தையார் ஒருவரே. அந்த ஒருவருக்குத்தான் ஆட வராது.

இத்தோல்விகளுக்குக் காரணம் மட்டை என்றார் ஒருவர், மைதானம் என்றார் ஒருவர், சத்துக் குறைவு என்று தம் கடையிலிருந்த பெரிய டப்பாவைக் காட்டினார் தலைவர். மெத்தையை ஐயுற்றவர் எவருமில்லை.

மூன்றாம் வாரத்தில் ஊருக்குப் புதிதாக ஒரு பல் டாக்டர் குடிவந்தார். சொந்த மட்டை உடையவர். இறங்கிய நாளெல்லாம் முப்பதுக்குக் குறையாமல் எடுத்தவர். அவர் வந்ததும் அணியில் பன்னிரண்டு பேராயினர். வாரம் ஒருவர் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. ஒரு வாரம் எலக்ட்ரீஷியன் உட்கார்ந்தார். ஐந்தாம் வாரம், அதற்கு முந்தைய ஆட்டத்தில் நாற்பது ரன் எடுத்த டெய்லரே உட்கார்ந்தார். மெத்தையார் மட்டும் ஒருநாளும் உட்காரவில்லை. அது தம் அனுபவத்துக்குக் கிடைத்த மதிப்பென்று அவர் கருதியிருந்தார். மனைவியிடமும் அவ்வாறே சொல்லியிருந்தார்.

விதி கெண்டைக்கால் பிடிப்பின் வடிவில் வந்தது. ஐந்தாம் தோல்விக்கு மறுநாள், தைலம் வாங்க மெத்தையார் மச்சானின் கடைக்குள் நுழைந்து, குழந்தை நாப்கின் பொட்டலங்கள் மலைபோல் குவிந்த ரேக்கின் பின்னே குனிந்து நின்றார். அப்போது அங்கே வந்த டெய்லர், நாற்பது அடித்தவனை வெளியே வைத்துவிட்டு மூன்று அடித்தவரை எதற்காகக் கூட்டிப் போகிறீர்கள் என்று தலைவரைக் கேட்டார்.

"அவரை எடுத்தாத்தான்யா வேன் வரும்" என்றார் மருந்துக்கடைக்காரர். "பதினொரு பேரும் ஸ்டம்ப்பும் எதுல போறது, உன் தையல் மிஷின் மேலயா?"

டெய்லர் சிறிது யோசித்து, அதுவும் சரிதான் என்றார்.

அந்த ‘அதுவும் சரிதான்’ இருக்கிறதே, அதுதான் ஆழமாய்த் தைத்தது. கூர்வேல் பாய்ந்த களிறு குருதி சொட்டக் காடு திரும்புவதுபோல், தைலம் வாங்காமல், ஒரு காலை இழுத்துக்கொண்டு, பேக்கரியையும் செருப்புக்கடையையும் கண் பாராமல் கடந்து, தம் கடை புகுந்து, காட்சிக்கு வைத்திருந்த ‘முதுகெலும்புக் காவலன்’ என்னும் உயர்ரக மெத்தைமேல் குப்புற வீழ்ந்தார் மெத்தையார். வாடிக்கையாளர் இருவர் அவரைச் சுற்றி நின்று மெத்தையின் தடிமனை அழுத்திப் பார்த்தனர். கடையின் மூளையும் கணக்கும் கைப்பேசியுமாகிய அவர் மனைவி, வியாபார நேரத்தில் ஏன் படுத்திருக்கிறார் என்று விசாரித்தாள்.

"டெஸ்ட் பண்றேன்" என்றார் அவர், தலையணைக்குள்ளிருந்து.

அங்ஙனம் கிடந்த நிலையிலேயே அவர் நெஞ்சில் ஒரு சூழ்ச்சி முளைத்தது. வேன் இல்லாத மெத்தையாரை இந்த உலகம் வேண்டுமா, வேண்டாவா? இதை அறிந்தே தீர்வது. அன்று மாலை அவர் மச்சானைக் கைப்பேசியில் அழைத்து, வரலாற்றில் நிற்கும் அந்த அறிவிப்பை வெளியிட்டார்.

"மச்சான், வேன் படுத்துடுச்சு. கியர்பாக்ஸ்."

எதிர்முனையில் தழுதழுத்த குரலில், "எப்ப எழுந்திருக்கும்?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். மெத்தையாரின் கெண்டைக்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

பொய் சொல்வது எளிது. பொய்யை நிறுத்திவைக்க இடம் வேண்டும். கடைக்குப் பின்னேயுள்ள சந்தில் வேனை ஓட்டிச்சென்று, இருபத்து நான்கு மெத்தை உறைகளை ஒட்டுநாடாவால் இணைத்து, அதன்மேல் போர்த்தி, ஏதோ ஒரு பெரிய மெத்தை போலத் தோன்றுமாறு செய்தார். மனைவியிடம் வண்டிக்கு ஓய்வு தேவை என்றும், திங்கள் வரை எடுக்கலாகாதென்றும் கூறினார். ஞாயிறு மத்தியானம் வெளியூர் விடுதியொன்றுக்குப் பன்னிரண்டு மெத்தை போயாக வேண்டுமே, வாக்குக் கொடுத்தாயிற்றே என்றாள் அவள். அதைத் திங்களுக்கு மாற்று என்று ஆணையிட்டார். அவள் கணவரையும் போர்த்திய வேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நோட்டில் ‘திங்கள்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

இதற்குள் செய்தி பரவி, அரைமணி நேரத்தில் மெக்கானிக் தம் கருவிப் பையோடு கடைவாசலில் வந்து நின்றார். பதினோரு ஆண்டுகளாக அந்த வேனின் நாடி பார்த்தவர். அதன் இருமலைக் கேட்டே எந்த பிளக் என்று சொல்பவர். எதிர்பாராத இத்தாக்குதலில் நிலைகுலைந்த மெத்தையார், வண்டியை டவுனிலுள்ள கம்பெனி ஒர்க்ஷாப்புக்கு அனுப்பிவிட்டதாக வாய்க்கு வந்ததைச் சொன்னார். மெக்கானிக் ஏற்கெனவே சுத்தமாயிருந்த கைகளைத் துணியால் மெல்லத் துடைத்தார். "கம்பெனிக்கா, சரி" என்றார். பையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஐந்து ஆட்டங்களிலும் ஸ்டம்ப் பெயர்ந்தபோது வாராத வலி, அந்த முதுகு தெருமுனையில் திரும்பும்போது மெத்தையாருக்கு வந்தது.

எனினும் தொடுத்த கணையை மீட்பதெங்ஙனம்? அறம் ஒருபுறம் இடிக்க, ஆவல் ஒருபுறம் இழுக்க, செவ்வாய் சென்றது, புதன் சென்றது, வியாழன் செல்ல மறுத்துச் சென்றது.

சனி மாலை வந்தது. மறுநாள் ஆடுவோர் பட்டியலை மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவில், புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரி நான்கு மூலையும் ஒட்டி, தலைவர் பதிப்பது மரபு. மெத்தையார் ஐந்து மணிக்கு அத்தெருவில் முதல்முறை நடந்தார், கதவைப் பாராமல். ஐந்தேகாலுக்கு மறுபுறமாய் நடந்தார், கதவைப் பாராமல். ஐந்தரைக்கு எதிர்வரிசைக் கடையில் தமக்குத் தேவையே இல்லாத குடையொன்றை விரித்துப் பார்த்து, அதன் நிழலில் முகம் மறைத்து, கண்ணைச் சுருக்கினார், எழுத்துத் தெரியவில்லை. பின்னர், வருவது வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, குடையைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு, சாலையைக் கடந்து, கதவின்முன் நின்று, ஒன்றாம் எண்ணிலிருந்து ஒவ்வொரு பெயராய், கிணற்றுக்குள் படி படியாய் இறங்குபவர்போல இறங்கி, பத்தில் சற்றே நின்று மூச்சு வாங்கி, பதினொன்றைப் பார்த்தார்.

‘11. மெத்தை’ என்று எழுதியிருந்தது.

அலைகடல் கண்ட நிலவென, அல்லது நிலவு கண்ட அலைகடலென, எது எதைக் கண்டு பொங்குமோ அதுபோலப் பொங்கினார் மெத்தையார். வேன் இல்லை, கம்பெனியில் கிடக்கிறது என்று ஊரே அறியும், ஆயினும் அவர் பெயர் இருக்கிறது. உள்ளே சென்று மச்சானிடம் தைலம் வாங்கினார். கால் வலி போய் நான்கு நாளாகியிருந்தது.

ஞாயிறு காலை படை பஸ்ஸேறியது. அந்தப் பஸ்ஸின் கொடுமையை ஆயிரம் நாவாலும் சொல்லி முடியாது. உட்கார இடமில்லை, நிற்கவும் ஒரு காலுக்குத்தான் இடம். டெய்லரின் முதுகில் யாரோ ஒருவரின் வாளி அழுந்தியது. மெக்கானிக்கின் காதருகே ஒரு குழந்தை ஒரு மணி நேரமும் அழுதது. அதன் தாய் இறங்கிய பிறகு இன்னொரு குழந்தை ஏறியது. ஸ்டம்புகளைச் செங்குத்தாய்ப் பிடித்து நின்ற தலைவரைப் பிரேக் தோறும் அவரது படைக்கலமே மோவாயில் குத்தியது. இறங்கியபோது பதினொருவரும் கசங்கி, நசுங்கி, யாரையாவது அடித்தாக வேண்டும் என்ற நிலையில், இப்பருவத்தில் முதன்முறையாக, முழுதும் விழித்திருந்தனர்.

விழித்த கண்ணுக்குப் பந்து தெரிந்தது. இதை அவர்கள் ஒருவரோடொருவர் வியந்து பேசிக்கொண்டனர். மெக்கானிக் குழந்தையின் அழுகையை நினைத்து நினைத்து வீசி நான்கு விக்கெட் எடுத்தார். டெய்லர் இருபுறமும் பாய்ந்து பிடித்தார். நூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரணி சுருண்டது. வெல்வதற்கு நூற்றுப் பதின்மூன்று, ஓவர் இருபத்தைந்து. பதிலுக்கு இறங்கிய நம்மவர்கள் விழுந்தும் எழுந்தும், ஒன்றும் இரண்டுமாய்ச் சேர்த்தும், டெய்லர் ஒருமுனையில் ஊசியில் நூல் கோப்பவர்போல் நிதானமாய் நிற்க, கடைசி ஓவரில் மூன்று பந்து எஞ்சியிருக்கையில் நூற்றெட்டு ரன்னுக்கு ஒன்பதாவது விக்கெட்டை இழந்தனர்.

வேண்டுவன ஐந்து. எஞ்சியவர் மெத்தையார்.

எழுந்தார். பேடின் வார்களை இறுக்கினார். ஒரு வார் கையோடு வந்துவிட்டது. தலைவர் அருகில் வந்து அவர் சட்டைக் காலரை மட்டும் சரிசெய்து அனுப்பினார். களத்தின் நடுவே சென்று நின்று, எங்கே நிற்க வேண்டும் என்று நடுவரைக் கேட்டு, அங்கே நின்றார் அம்மாவீரர். முதல் பந்து வந்தது, போயிற்று. வந்ததற்கும் போனதற்கும் சான்று கீப்பரின் கையுறையில் எழுந்த ஓசை மட்டுமே. இரண்டாம் பந்து அவரது வயிற்றின் வளத்தில் மோதி, திருப்தியுற்று, காலடியில் வீழ்ந்தது. இனி ஒரே பந்து. ஐந்து ரன். எதிரணியார் ஒருவருக்கொருவர் கைகொடுக்கத் தொடங்கிவிட்டனர்.

அக்கணம் மேற்குத் திசையில் புழுதி எழுந்தது.

மைதானத்தின் ஓரமாய் வளைந்து, எல்லைக் கோட்டுக்கு உள்ளே பத்தடி நுழைந்து, அப்பாலுள்ள விடுதிக்குப் போகும் ஒரு மண்பாதை உண்டு. அப்பாதையில் வெண்ணிற உருவொன்று முனகியும் கனைத்தும் வந்துகொண்டிருந்தது. கூரையில் மெத்தை உறையின் கிழிசலொன்று வெற்றிக்கொடிபோல் பறந்தது. பக்கவாட்டில் நீல எழுத்து. ஓட்டுநர் இருக்கையில், விடுதிக்காரர் மூன்று முறை கைப்பேசியில் அழைத்துத் திட்டியபின் வேறுவழியின்றி, ஓய்விலிருந்த வண்டியைத் தானே எடுத்து, பன்னிரண்டு மெத்தையோடு புறப்பட்டு வந்த மெத்தையாரின் மனைவி. இறக்கிவைக்க ஆள் வேண்டுமே என்று மைதானத்துப் பக்கம் பார்த்தவள், கணவரைக் கண்டு, அங்கேயே வண்டியை நிறுத்தி இறங்கி நின்றாள்.

மெத்தையாரின் குருதி உறைந்தது. ஒரு வாரம் கட்டிக்காத்த பொய், முழு உடலோடு, ஹாரன் அடித்துக்கொண்டு, பட்டப்பகலில் மைதானத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. பந்து வீசுபவர் ஓடி வரத் தொடங்கியதை அவர் காணவில்லை. போ, போய்விடு, பின்னால் எடு என்ற பொருளில் மனைவியை நோக்கி இரு கையாலும் எதையோ வேகமாய் வீசிக் காட்டினார். அவர் வீசியது மட்டை. அதன் வழியில் பந்து இருந்தது.

பட்டென்று ஓர் ஓசை. இருபத்திரண்டு பேர் கேட்டிராத ஓசை. அந்த மட்டையே கேட்டிராத ஓசை. தரையோடு தரையாய்ச் சீறிய பந்து ஃபீல்டர் ஒருவரின் கால்களுக்கிடையே புகுந்து, புல்லைக் கிழித்து, பாதையேறி, நேரே வேனின் அடியில் போய் ஒளிந்தது.

டெய்லர் ஓடு என்றார். மெத்தையார் ஓடினார். மலை பெயர்ந்து ஓடியதுபோல் ஓடினார். தளர்ந்த பேட் முழங்காலைச் சுற்றி விசிறியாய்ச் சுழல, மூன்றாம் ரன்னில் அது முற்றும் கழன்று வீழ, அதைத் தாண்டி ஓடினார். எதிரே டெய்லர் மூன்று முறை கடந்து போவதையும் தாம் ஒரே இடத்தில் இருப்பதையும் உணர்ந்து மேலும் ஓடினார். அங்கே வேனைச் சூழ்ந்த எதிரணிச் சேனை தரையில் வயிற்றை வைத்துப் படுத்துக் கைகளை அடியில் நுழைத்தது.

"சைலன்சர் சுடும், பாத்துக் கைய விடுங்க" என்றாள் மெத்தையாரின் மனைவி.

நீண்ட கைகள் அத்தனையும் ஒருசேரச் சுருங்கின. வண்டியை நகர்த்தும்படி அவர்களின் தலைவர் பணிந்து வேண்டினார். சாவியைக் கைப்பையில் போட்டதாகவும், கைப்பையில் நிறையப் பொருட்கள் இருப்பதாகவும் அவள் விளக்கிக்கொண்டிருக்கையில், மெத்தையார் ஐந்தாம் ரன்னை முடித்து, கிரீஸில் நெடுஞ்சாண்கிடையாய் வீழ்ந்தார்.

பந்து செத்த பந்து என்று எதிரணி ஆர்ப்பரித்தது. பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாராகிய நடுவர் அமைதியாய்ப் பாதையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பாதையில் நிற்கும் எதுவும் மைதானத்தில் சேர்த்தி என்று சென்ற வாரம் தங்கள் டிராக்டருக்காக அவர்களே இயற்றிய விதியை அவர்களுக்கே நினைவூட்டி, ஸ்டம்பிலிருந்து பெயில்ஸை எடுத்துப் பையில் போட்டார்.

வெற்றி. அணி பிழைத்தது. இருவர் மெத்தையாரைத் தோளில் தூக்க முயன்று, பாதியில் மனம் மாறி, மெதுவாய்க் கீழே வைத்தனர். பிறகு ஒவ்வொருவராய் வேனின் பக்கம் திரும்பினர்; ஆரவாரம் அடங்கியது. மெக்கானிக் முன்னே சென்றார். உள்ளே ஏறி, எஞ்சினை எழுப்பி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பின்னோக்கி என எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்து இறங்கினார்.

"கியர்பாக்ஸ் நல்லா இருக்கு" என்றார்.

பத்து முகங்கள் மெத்தையாரைப் பார்த்தன. மூச்சு வாங்கியபடியே அவர் யாவற்றையும் சொன்னார்: நாப்கின் ரேக்கின் பின்னே நின்றதும், கேட்டதும், போர்த்தியதும். சொல்லி முடித்து மெக்கானிக்கிடம் தலைகுனிந்தார்.

"அப்ப கம்பெனிக்கு அனுப்பல?"

"இல்லப்பா."

"அப்ப சரி" என்றார் மெக்கானிக். அவர் முகத்தில் ஒரு வாரத்துக்குப்பின் ரத்தம் ஏறியது.

பிறகு மச்சானிடம் திரும்பினார் மெத்தையார். வேன் இல்லையென்று தெரிந்தும் இந்த வாரம் தம்மை எடுத்தது ஏன் என்று கேட்டார். அவர் குரலில் இருந்த ஆசையை அங்கிருந்த யாவரும் கேட்டனர், தலைவரும் கேட்டார். பொய் சொல்ல அதைவிட நல்ல தருணம் ஒருவருக்கு வாய்க்காது.

"பல் டாக்டர் ஊர்ல இல்ல மாப்ள" என்றார். "உங்களோட சேத்தே பதினொரு பேருதான்."

மெத்தையார் தலையசைத்தார். வியப்பில்லை. பேடைத் தேடுவதுபோல் அப்பால் திரும்பினார். அப்போது தலைவர் மீண்டும் பேசினார்.

"அது நேத்தைக் கதை. அஞ்சு ரன் ஓடி ஜெயிச்சுக் குடுத்த ஆளை இனிமே நான் எப்படி உக்கார வெக்கிறது? அடுத்த வாரமும் பஸ்ஸுலதான் போறோம். வேன் வேணாம், நீங்க வாங்க."

"பேசி முடிச்சாச்சுன்னா மெத்தைய இறக்குங்கண்ணா" என்றாள் தங்கை. வெற்றிவாகை சூடிய பதினொருவரும் ஆளுக்கொரு மெத்தை தலையில் ஏந்தி, விடுதியின் இரண்டு மாடி ஏறினர். பன்னிரண்டாவதை மெத்தையாரே மீண்டும் இறங்கி வந்து எடுத்துப்போனார்.

அதன்பின் வந்த வாரத்தை என்னென்பது. வேன், உறைகள் நீங்கி, திங்களன்றே தன் தொழிலுக்குத் திரும்பிற்று. மெத்தையார் அறுந்த வாரைத் தைக்க டெய்லரிடம் கொடுத்தார். டெய்லர் இரட்டைத் தையல் போட்டு, கூலி வேண்டாமென்றார். மட்டையின் பழைய பிளாஸ்திரி நான்கும் உரிக்கப்பட்டுப் புதியன சுற்றப்பட்டன. கடையடைத்தபின் இரட்டை மெத்தையொன்றைச் சுவரில் சாய்த்து, மனைவி பந்தெறிய, அவர் தடுத்துப் பயின்றார். அவள் எறிந்தவற்றுள் பாதியை மெத்தை தடுத்தது. சனி மாலை ஐந்து மணிக்கு, குடையின்றி, மறைவின்றி, நிமிர்ந்த தலையோடு நேரே மருந்துக்கடைக் கதவுக்குச் சென்று நின்றார். பட்டியலின் அடியில் பதினொன்றாம் எண்ணில் எலக்ட்ரீஷியன் இருந்தார். பல் டாக்டர் ஊர் திரும்பியிருந்தும், சொந்த மட்டை இருந்தும், வெளியே உட்கார்ந்தார். பதினொன்றுக்கு மேல் வரியில், வேனுக்காக அன்று, ஆள் பற்றாமையால் அன்று, அவர் ஆட்டம் ஒன்றுக்காகவே எழுதப்பட்ட எழுத்து, ‘10. மெத்தை’ என்று ஒளிர்ந்தது. அவர் அதை விரலால் தொட்டார். அன்றிரவு வெள்ளைச் சட்டைக்கு இருமுறை இஸ்திரி போட்டு, நாற்காலியின் முதுகில் மாட்டி, மட்டையை அதன்மேல் சாய்த்து, பேடுகளை அதன் காலடியில் நிறுத்தி, இருட்டில் பார்த்தால் பத்தாம் ஆட்டக்காரர் ஒருவர் ஏற்கெனவே களமிறங்கத் தயாராய் அமர்ந்திருப்பதுபோல் தோன்றுமாறு அமைத்துவிட்டு, விளக்கணைத்து, விடியலை எதிர்கொள்ளப் படுத்தார் பஞ்சணைப் பேரரசர்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மழை வந்துவிட்டது, மேட்ச் நடக்கவில்லை.